ஒரு படகு, இரண்டு வேகம்

நன்னீர்க் கடல்கள் – 11

விதித்தாள் ஒரே பக்கம்தான். காலை ஆறு மணிக்குத் துறைமுக வாயைத் தாண்டலாம். பிற்பகல் மூன்று மணிக்குள் எடை போடும் வரிசையில் நின்றுவிட வேண்டும். படகு ஒன்றுக்கு ஐந்து வால்ஐ, இரண்டு ஸ்டீல்ஹெட். ஏழு மீனின் மொத்த எடைதான் கணக்கு. நுழைவுக் கட்டணம், பரிசுத்தொகை, காற்று பலத்தால் என்ன செய்வது என்பதெல்லாம் கீழே பொடி எழுத்தில் இருந்தன. போட்டிக்கு முந்தைய நாள் மாலை ஆஷ்டபியூலா துறைமுகத்தில் அந்தத் தாளை வாங்கியவர்களில் ஒருவரும் பொடி எழுத்தைச் சட்டை செய்யவில்லை. ‘ஐந்து, இரண்டு’ என்ற இடத்திலேயே எல்லார் கண்ணும் நின்றது.

வால்ஐ மட்டும் என்றால் இவர்களுக்கு அத்துப்படி. ஸ்டீல்ஹெட் மட்டும் என்றாலும் சமாளிப்பார்கள். இரண்டும் வேண்டும், ஒரே நாளில், ஒரே படகில் என்றால், படகை என்ன வேகத்தில் ஓட்டுவது?

போன வாரம் ஈரி ஏரி உறைந்து கிடக்கும் மாதங்களில் இருந்தோம். இப்போது ஆகஸ்ட். பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடித்த அதே ஆட்கள், ஒஹாயோ கரையின் ஆஷ்டபியூலா, ஜெனீவா, கானியட் துறைகளிலிருந்து நடு ஏரிக்குப் படகை விடுகிறார்கள். அவர்கள் செய்வதற்கு ட்ரோலிங் என்று பெயர்: மனிதன் நடக்கிற வேகத்தில் படகை ஓட்டியபடி, பின்னால் ஆறெட்டுத் தூண்டில்களை இழுத்துக்கொண்டு போவது. நம் கரையில் மடி இழுக்கும் டிராலர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதில் வலை என்று இருப்பது, மாட்டிய மீனைக் கோரி எடுக்கும் கைவலை ஒன்றுதான்.

குளக்கரையில் உட்கார்ந்து தக்கையைப் பார்க்கிறவனுக்கு இரைதான் எல்லாம். ட்ரோலிங்கில் இரை என்பது பெரும்பாலும் ஸ்பூன் எனப்படும் வளைந்த தகடு. விரல் நீளம், பின்னால் முள். சரியான வேகத்தில் இழுத்தால் அது அடிபட்ட குஞ்சு மீனாய் நெளியும். வேகம் குறைந்தால் செத்துத் தொங்கும், கூடினால் சுற்றிச் சுற்றி நரம்பை முறுக்கும். அதனால் இங்கே உண்மையான இரை வேகம்தான் என்பது என் கட்சி. மண்புழுவைக் கோத்து, அதன் முன்னால் சின்னத் தகடு ஒன்றைச் சுழலவிட்டு இழுக்கும் கோவை ஒன்று உண்டு. மணிக்கு ஒன்றேகால், ஒன்றரை மைலில் போனால் வால்ஐக்கு அது அல்வா. ஸ்டீல்ஹெட்டுக்கோ இரண்டே முக்கால், மூன்று மைல் வேகத்தில் பறக்கும் ஸ்பூன் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு, இரண்டேகால் மைலில் ஒரு பொதுவெளி உண்டு; அங்கே இரண்டும் வரலாம், இரண்டும் வராமலும் போகலாம்.

வால்ஐயை நம் ஊர் வாளையோடு சேர்த்துவிடாதீர்கள். இது பெர்ச் குடும்பத்து மீன். மங்கிய பொன்னிறம், வாய் நிறையக் கூரான பல். மாட்டுக்கும் பூனைக்கும் இருப்பதுபோலவே இதன் விழித்திரைக்குப் பின்னாலும் ஒளியைத் திருப்பி அடிக்கும் படலம் உண்டு. விடியலிலும் அந்தியிலும், கலங்கிய நீரிலும் இது வேட்டையாடுவது அந்தக் கண்ணை நம்பித்தான். ஈரி ஏரி இதன் பிறந்த வீடு. வசந்தத்தில் மேற்குக் கோடியின் பாறைத் திட்டுகளிலும் மாமீ, சாண்டஸ்கி ஆறுகளிலும் முட்டையிட்டுவிட்டு, வெயில் ஏற ஏறப் பெரிய மீன்கள் கிழக்கே நகர்கின்றன. மேற்குக் கோடியில் போர்ட் கிளின்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. ஒவ்வொரு புத்தாண்டு இரவிலும் நியூயார்க்காரர்கள் பளபளக்கும் பந்தை இறக்குகிற நேரத்தில், இந்த ஊர்க்காரர்கள் ராட்சத கண்ணாடியிழை வால்ஐ ஒன்றைக் கயிற்றில் இறக்குகிறார்கள். அந்த மீனிடம் இவர்களுக்கு அவ்வளவு பாசம்.

ஸ்டீல்ஹெட் வந்தேறி. பசிபிக் கரையின் ரெயின்போ ட்ரவுட் இனத்தில், ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் வகை இது. இங்கே கடல் ஏது? ஏரியையே கடலாக வைத்துக்கொண்டது. அதுவும் மீன்வளத் துறையின் தயவில். ஒஹாயோ ஆண்டுதோறும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்து ராக்கி, சாக்ரின், கிராண்ட் போன்ற ஆறுகளில் விடுகிறது; பக்கத்து பென்சில்வேனியா விடுவது பத்து லட்சம் அளவில். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட்டும் இதே இனம்தான். அது ஓடையோடு நின்றுவிட்டது. இதற்குக் கிடைத்தது 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஏரி.

குளிர்நீர் தேடும் வந்தேறியும் இதமான நீரில் வாழும் மண்ணின் மைந்தனும் ஒரே இடத்தில் எப்படி மாட்டுகின்றன? அதற்கு ஏரியின் வயிற்றுக்குள் போக வேண்டும்.

ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது ஈரி. சராசரி 62 அடி. கிழக்குக் கோடியில் மட்டும் 210 அடி வரை இறங்கும். நாம் நிற்கும் நடுப்பகுதி பெரும்பாலும் 60, 70 அடிதான். கோடையில் மேல் நீர் நன்றாகச் சூடாகிவிடும். அடியில் குளிர்ந்த நீர் ஒரு மெல்லிய அடுக்காகத் தங்கும். இரண்டும் கலக்காது, இடையில் சில அடி தூரத்துக்குள்ளேயே வெப்பம் மடமடவென்று விழும் ஒரு பட்டை. படகுக்காரர்கள் வாயில் நாளுக்கு நூறு தடவை வரும் ‘தெர்மோக்ளைன்’ இதுதான். குண்டு கட்டி ஆழத்துக்கு இறக்கும் வெப்பமானி, எந்த ஆழத்தில் அது தொடங்குகிறது என்று சொல்லிவிடும்.

கீழே குளிர்ச்சி இருக்கிறதே, ஸ்டீல்ஹெட் அங்கே போய்ச் சுகமாக இருக்கலாமே? முடியாது. வயல்களிலிருந்து ஆறுகள் வழியே வரும் உரத்தின் பாஸ்பரஸ் ஏரியில் பாசியைச் செழிக்கவைக்கிறது. செத்த பாசி அடியில் படிந்து அழுகும்போது அந்த மெல்லிய குளிர் அடுக்கிலிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. மேலிருந்து புது ஆக்சிஜன் இறங்கவும் வழியில்லை. நடுவில் அந்தப் பட்டை கதவடைத்து நிற்கிறது. கோடை முடிவதற்குள் நடு ஏரியின் அடித்தளத்தில் பெரும்பகுதி மூச்சுவிட லாயக்கில்லாத நீர். (2014 ஆகஸ்டில் டொலீடோ வட்டார மக்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரிடம் குழாய் நீரைக் குடிக்கவேண்டாம் என்று சொல்லவைத்ததும் இதே பாஸ்பரஸ் தின்று கொழுத்த நச்சுப் பாசிதான், அது மேற்குக் கோடியின் கதை, தனியே வரும்.) ஆக, ஸ்டீல்ஹெட்டுக்கு மேலே போனால் சூடு, கீழே போனால் மூச்சுத் திணறல். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய மாடியில் அது ஒண்டிக்கொள்கிறது. அது தின்னும் ஸ்மெல்ட் என்ற சிறு மீனும் அதே மாடிக்கு வருகிறது. ஸ்மெல்ட்டைத் தேடி வால்ஐயும் வருகிறது. போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு மீனையும் ஒரே தாளில் எழுதத் துணிவது இந்த நெரிசலை நம்பித்தான்.

அந்தக் குறுகிய மாடிக்குத் தகட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் படகில் நடக்கும் வேலை. நான் கைவலை பிடிக்கும் ஆளாக ஏறிக்கொண்ட படகு 26 அடி. கேப்டன் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். தூண்டில்களைக் கவனிப்பது அவர் மகனும் மகனின் தோழனும். காலை ஆறேமுக்காலுக்கெல்லாம் கரை தெரியாத தூரத்தில் தூண்டில்களை இறக்கத் தொடங்கினார்கள்.

படகின் இரு பக்கத்திலும் டிப்ஸி. வட்டத் தட்டு, அடியில் ஈயம், கூடவே திருகிவைக்கும் ஒரு எண் வளையம். பூஜ்யத்தில் வைத்தால் நேராகப் பின்னால் மூழ்கும். மூன்றில் வைத்தால் படகைவிட்டு வெளிப்பக்கமாக ஒதுங்கி மூழ்கும். ஒதுங்க ஒதுங்க ஆழம் குறையும், அதனால் நரம்பை அதிகம் விட வேண்டும். அதற்கும் அப்பால், இன்னும் வெளியே, பலகைகள். ஒரு ஜாண் அளவு மிதவைப் பலகையை நரம்பில் கவ்வவிட்டு நீரில் போட்டால், இழுவையின் தள்ளலில் அது பக்கவாட்டில் நகர்ந்து நூறடிக்கு அப்பால் போய்ப் படகோடு கூடவே வரும். அதிலிருந்து பின்னால் போகும் நரம்பில் ஈயம் உள்ளே கோத்த நூல். பத்து கஜத்துக்கு ஒரு நிறம்: சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிக்கொண்டே போகும். ஒரு நிறத்துக்கு ஏறக்குறைய ஐந்தடி ஆழம் என்பது கைக்கணக்கு. வேகம் கூடினால் நூல் எழும்பி அந்தக் கணக்கு கெடும். ‘ஏழு நிறம்’ என்று கேப்டன் குரல் கொடுத்தால், முப்பத்தைந்தடிக்கு இறக்கு என்று பொருள்.

இந்த எண்களெல்லாம் படகுச் சுவரில் மெழுகுப் பென்சிலால் எழுதப்படுகின்றன. எந்தத் தூண்டில், எத்தனை அடி நரம்பு, எந்த நிறத் தகடு, எந்தத் திசை. மீன் மாட்டிய வரியில் ஒரு கோடு. ஒரே வரியில் இரண்டாவது கோடு விழுந்துவிட்டால், மற்ற தூண்டில்களும் ஒவ்வொன்றாக அந்தக் கணக்குக்கு மாற்றப்படும்.

நடுவில் ஒரு தொல்லையைச் சொல்லியாக வேண்டும். கப்பல்களின் அடிநீரோடு ஐரோப்பாவிலிருந்து வந்து, 1980-களில் இந்த ஏரிகளில் பரவிய முள்வால் நீர்த்தெள்ளு. ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், அதில் பெரும்பங்கு முள்ளான வால். அந்த வால் நரம்பில் சிக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் சேர்ந்து, மீனை இழுத்துச் சுற்றிக்கொண்டிருக்கும்போது தூண்டில் கம்பின் நுனி வளையத்தில் பிசின் உருண்டையாய் வந்து அடைத்துக்கொள்ளும். ரீல் சுற்றாது, மறுமுனையில் மீன் துள்ளிக்கொண்டிருக்கும். மகனின் தோழன் அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி ஏரிக்குள் உதறிக்கொண்டே இருந்தான். அவன் கால்சட்டை நெடுக அந்தப் பிசின் காய்ந்து ஒட்டியிருந்தது.

விடிந்ததும் வால்ஐயின் நேரம். வெளிச்சம் ஏறுவதற்குள் அந்தக் கண்ணுக்கு வேலை கொடுத்துவிட வேண்டும் என்று கேப்டன் இரண்டு மைலுக்கும் கீழே வைத்து மெதுவாகக் கிழக்கே ஓட்டினார். வால்ஐ கொக்கியில் மாட்டினால் ஆர்ப்பாட்டம் இருக்காது. பலகை மற்றவற்றோடு ஒரே வரிசையில் வந்துகொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் பின்தங்கியது தெரியும். அலை தள்ளியதா, மீனா என்று ஐயப்பட வைக்கும் அளவுக்குத்தான். சுற்றி இழுத்தால் கனம் மட்டும் வரும், படகருகில் வந்த பிறகு நாலைந்து தடவை தலையை உதறும். ஒன்பது மணிக்குள் ஐஸ் பெட்டியில் வால்ஐக்குக் குறைவில்லை; இனி சின்னதற்குப் பதில் பெரியது கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

ஸ்டீல்ஹெட் ஒன்றுகூட இல்லை.

இங்கேதான் கேப்டன் எனக்கு ஒரு வித்தை காட்டினார். திரையில் தெரியும் வேகம் ஜிபிஎஸ் சொல்வது. அதாவது பூமிக்கு மேலே படகு நகரும் வேகம். ஆனால் நாற்பதடி ஆழத்தில் நீரே தன்பாட்டுக்கு ஒரு திசையில் போய்க்கொண்டிருக்கும். நாலு நாள் முந்தைய காற்று தள்ளிவிட்ட நீர் திரும்பி வருவதாகக்கூட இருக்கலாம். பத்து பவுண்டு இரும்புக் குண்டின் மேலே கட்டித் தொங்கவிட்ட கருவி, தகடு இருக்கும் ஆழத்தில் என்ன வேகம் என்று தனியே காட்டியது. கிழக்கே போகும்போது மேலே 1.9, கீழே 1.5. விசையைத் தொடாமல் படகைத் திருப்பி மேற்கே விட்டார். மேலே அதே 1.9; கீழே 2.3. வந்த வழியே திரும்பிப் போகிறோம் என்றுதான் கரையிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். மீனைக் கேட்டால், நாங்கள் அரை மைலுக்கு மேல் வேகம் கூட்டிவிட்டோம். பிறகு விசையையும் ஏற்றி, கீழே 2.8 காட்டும்படி வைத்தார். புழுக்கோவைகள் ஏறின, ஆரஞ்சு, வெள்ளித் தகடுகள் இறங்கின.

ஸ்டீல்ஹெட் மாட்டியதைத் தூண்டில் கம்பு சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. படகுக்குப் பின்னால் எண்பதடி தூரத்தில் ஒரு வெள்ளி மீன் நீரைவிட்டு ஆளுயரம் எழும்பியது. கம்பு வளைந்ததும் ரீல் கத்தியதும் அதற்குப் பிறகுதான். அடுத்த துள்ளல் இருபதடி வலப்பக்கம். அதற்கடுத்தது பலகை நரம்புகளுக்கு அப்பால். இந்த மீன் ஓடிய வழியில் இருக்கும் ஒவ்வொரு நரம்பையும் தன்னுடையதோடு பின்னிவிடும். படகை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் எட்டுத் தூண்டிலும் அடியில் போய் விழுந்து மொத்தமும் சிக்கலாகிவிடும். கேப்டன் விசையைக் கொஞ்சம் தளர்த்தி, மகனைப் பார்த்து, சுற்றாதே, ஓடவிடு என்றார். ஓடவிட்டான். கைவலைக்காரனுக்கு இருக்கும் ஒரே சட்டம், மீனின் தலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வலையை வைப்பது. வால் பக்கம் வைத்தால் அது முன்னால் ஒரே பாய்ச்சல், கொக்கி வலைக்கண்ணில் மாட்டும், மீன் போய்விடும். இது வந்தது, நாலு கிலோவுக்குக் குறையாது.

அதன்பிறகு கேப்டன் படகை நேராக ஓட்டவே இல்லை. சோம்பலாக வளைந்து வளைந்து போனார். வளையும்போது உள்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து கீழே இறங்கும், வெளிப்பக்கத் தூண்டில் வேகம் கூடி மேலே ஏறும். மீன் எந்தப் பக்கத்துத் தூண்டிலில் மாட்டுகிறது என்பதிலிருந்து, வேகம் கூட்டுவதா குறைப்பதா என்று மீனிடமே கேட்டுக்கொள்ளலாம். அன்று வெளிப்பக்கம் இரண்டு முறை மீன் அடித்தது, நிற்கவில்லை. உள்பக்கம் இன்னொரு பெரிய வால்ஐ வந்தது. இரண்டாவது ஸ்டீல்ஹெட் வரவில்லை. மூன்று மணிக்குள் எடை வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால் தூண்டில்களைச் சுருட்டினோம்.

எடை போடும் இடத்தைப் பற்றிப் பேசும்போது 2022 செப்டம்பர் 30-ஐ விட்டுவிட்டுப் பேச முடியாது. கிளீவ்லாந்தின் கார்டன் பார்க். ‘லேக் ஈரி வால்ஐ ட்ரெயில்’ என்ற போட்டித் தொடரின் இறுதிச் சுற்று. ஜேக்கப் ரன்யன், சேஸ் கமின்ஸ்கி ஜோடியின் ஐந்து மீன்களுக்குத் தராசு 33.91 பவுண்டு காட்டியது. 15 கிலோவுக்கு மேல். அவர்களுக்குக் கிடைக்கவிருந்த பரிசு 28,760 டாலர். போட்டி இயக்குநர் ஜேசன் ஃபிஷருக்குக் கணக்கு உதைத்தது. கண்ணால் பார்த்தால் ஒவ்வொரு மீனும் நாலு பவுண்டு தேறும். தராசோ ஏழு பவுண்டு அளவுக்குச் சொல்கிறது. வயிற்றைத் தடவிப் பார்த்தார், கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. கூட்டத்தின் நடுவிலேயே கத்தியால் கீறினார். ஈயக் குண்டுகள் வெளியே வந்தன, மொத்தம் பத்து. கூடவே வேறு வால்ஐயிலிருந்து வெட்டிய சதைத் துண்டுகளும். கூடியிருந்தவர்கள் கொதித்த கொதிப்பு வீடியோவாக உலகம் முழுக்கப் போனது. மறு ஆண்டு மார்ச்சில் இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மே மாதத் தண்டனை: பத்து நாள் சிறை, அபராதம், மூன்று ஆண்டுக்கு மீன்பிடி உரிமம் நிறுத்தம், படகும் பறிமுதல்.

எனக்கு இதில் வியப்பு அவர்கள் ஏமாற்றியதில் இல்லை. பணம் இருக்கும் இடத்தில் அது நடக்கும். நீளத்தைப் பார்த்தே எடையை அரைப் பவுண்டு பிசகாமல் சொல்லும் ஆட்கள் சூழ்ந்து நிற்கும் இடத்தில் போய், மீனுக்கு ஈயம் தின்னக் கொடுத்தார்களே, அந்தத் துணிச்சல்தான்.

அதற்குப் பிந்தைய போட்டிகளில் கெடுபிடி அதிகம். நான் போன இடத்தில் தராசுக்கு முன்னால் ஒருவர் கையில் உலோகம் கண்டறியும் கருவியுடன் நின்றார். முதல் மூன்று இடத்துக்கு வந்த மீன்கள் எல்லார் முன்பும் வயிறு கீறிக் காட்டப்பட்டன. ஒரு வால்ஐயின் குடலிலிருந்து பாதி செரித்த ஸ்மெல்ட் ஒன்று நழுவி மேசையில் விழுந்தது. அதைச் சேர்த்துத்தானே நிறுத்தீர்கள் என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்க, ஒரே சிரிப்பு.

ஐஸ் பெட்டியை எங்கள் ஆட்கள் திறந்தபோது மீன்கள் ஐஸ் கரைந்த நீரில் மூழ்கிக் கிடந்தன. வெறும் ஐஸ் மேல் போட்டால் தோல் காய்ந்து எடை குறையுமாம்; சில அவுன்ஸுக்காக அந்த ஜாக்கிரதை. ஐந்து வால்ஐயில் நாங்கள் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. ஆனால் ஒரு ஸ்டீல்ஹெட் குறைந்தால் குறைந்ததுதான். பரிசுப் பட்டியலுக்கு வெளியே நின்றோம். ஜெயித்த படகின் ஆட்களிடம் எங்கள் கேப்டன் போய் விசாரித்துவிட்டு வந்தார். விடியலிலிருந்து கடைசிவரை இரண்டேகால் மைலில் வைத்து விசையைத் தொடவே இல்லையாம். தகட்டை மாற்றவில்லை, திசை பார்க்கவில்லை, ஏழும் அதிலேயே வந்ததாம். கேப்டன் அதை நம்பவில்லை. அடுத்த போட்டி வரவிருக்கும்போது எவனாவது உண்மையைச் சொல்வானா என்பது அவர் வாதம். எனக்கென்னவோ அவர்கள் சொன்னது நிஜமாக இருக்கலாம் என்று படுகிறது. என் வேகக் கட்சிக்கு அது பாதகம் என்றாலும்.

அக்டோபர் மழைக்குப் பிறகு இதே ஸ்டீல்ஹெட் ஏரியைவிட்டு ஆறு ஏறும். அப்போது படகும் வேண்டாம், கருவியும் வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் நிற்கத் தெம்பு வேண்டும். அடுத்த வாரம் கிராண்ட் ஆற்றங்கரைக்குப் போவோம்.

(தொடரும்)